அசையாச் சொத்தின் எட்டு நிமிடங்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு, மழைக்காலத்தின் தொடக்கத்தில் அவர்கள் முதன்முதலாகச் சந்தித்தார்கள். இடம், பத்திரப் பதிவு அலுவலகத்தின் ஆவண அறை. காலமான தந்தையின் வீட்டுப் பத்திரத்திற்குச் சான்றிட்ட நகல் கேட்டு அவள் வந்திருந்தாள். மடக்கிய குடையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்த இளம் எழுத்தர் விண்ணப்பத்தை வாங்கினார். மேலிருந்து கீழாக ஒரு முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் பார்த்தார். பிறகு, "நாளைக்கு வாங்க" என்றார்.

அந்த நாளை வந்துசேரப் பதினொரு வாரங்கள் ஆயின. பன்னிரண்டாம் வாரம் மழையே ஓய்ந்துவிட்டது. நகல் தயாராக இருந்தது. அதனுள் ஒரு கடிதமும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தம்மை மணந்துகொள்ளச் சம்மதமா என்று எழுத்தர் அதில் கேட்டிருந்தார்.

"இதை எப்ப எழுதுனீங்க?" என்று அவள் கேட்டாள்.

"நீங்க வந்த முதல் வாரமே எழுதிட்டேன். குடுக்கத்தான் கொஞ்சம் நாளாயிடுச்சு."

அந்தப் பதிலில் இருந்த எச்சரிக்கையைக் கவனிக்க அவள் தவறிவிட்டாள். இருபத்தெட்டு வயதில் யாருக்குத்தான் அத்தகைய கவனம் இருக்கிறது?

அலுவலகத்தில் அவருக்கு 'அசையாச் சொத்து' என்று பெயர். வீடும் நிலமும் பற்றி நாள்தோறும் எழுதிவந்த சொல்லையே சக ஊழியர்கள் எடுத்து அவருக்குச் சூட்டியிருந்தார்கள். காலை பத்து மணிக்கு நாற்காலியில் அமர்ந்தாரானால், மின்விசிறிக் காற்றில் கோப்புகள் அசையும், அவர் அசையமாட்டார். அவரைப் பார்த்துவிட்டு நாற்காலி காலியாக இருக்கிறதென்று எண்ணி அமரப்போன மேலதிகாரி ஒருவர் உண்டு என்று சொல்வார்கள். அதை முழுவதுமாக நம்ப வேண்டியதில்லை. முழுவதுமாகத் தள்ளவும் வேண்டியதில்லை.

அவளோ காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். திருமணமான இரண்டாம் ஆண்டே வீட்டின் முன்னறையில் நகல் கடை ஒன்றைத் திறந்துவிட்டாள். நகல் எடுப்பதோடு, விண்ணப்பங்களில் ஒட்டுவதற்கான சிறிய முகப்படங்களையும் எடுத்துக் கொடுத்தாள். வெள்ளைத் துணிக்கு முன்னால் ஆளை உட்காரவைத்து, "கொஞ்சம் நிமிருங்க" என்பாள், உடனே படத்தைத் துப்பும் சின்னக் கேமராவைச் சொடுக்குவாள், மூன்று நிமிடத்தில் நான்கு படங்களைக் கத்தரித்துக் கையில் கொடுத்துவிடுவாள். இடையே அடுப்படிக்குப் போய்க் குழம்பைக் கிளறிவிட்டு வந்திருப்பாள் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது.

திருமணமான ஐந்தாம் ஆண்டில் அவர் பழைய பொருட்கள் விற்கும் கடையிலிருந்து ஒரு கேமராவை வாங்கி வந்தார். பிறர் பறவையைப் படமெடுக்கவோ ஓடும் குழந்தையைப் படமெடுக்கவோ கேமரா வாங்குவார்கள். அவர் வாங்கியதற்குக் காரணம் அதன் பழுது. படமெடுக்கும்போது கேமராவின் உள்ளே ஒரு சிறு கதவு திறந்து மூடுகிறது. அதற்கு ஷட்டர் என்று பெயர். அந்தக் கேமராவில் விநாடியில் நூறில் ஒரு பங்கு, ஐம்பதில் ஒரு பங்கு என்று திறந்து மூடும் வேகங்கள் அனைத்தும் கெட்டுப்போயிருந்தன. 'பி' என்ற ஒரே ஒரு நிலை மட்டும் உயிரோடு இருந்தது. அந்நிலையில் விசையை அழுத்தினால் கதவு திறக்கும். கையை எடுக்கும்வரை திறந்தே கிடக்கும்.

"இதுல வேகமா எதுவும் எடுக்க முடியாது சார்" என்று கடைக்காரர் நேர்மையாகவே சொன்னார்.

அவர் முகம் மலர்ந்தது. தமக்கெனவே ஒரு பொருள் பழுதாகிக் காத்திருக்கும் என்று அதுவரை அவர் எண்ணியதில்லை.

விரைவிலேயே தமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டார். லென்ஸின் துளையை ஊசிமுனை அளவுக்குச் சுருக்குவார். அதன்மேல் கறுப்புக் கண்ணாடி ஒன்றைத் திருகுவார். கேமராவை முக்காலியில் நிறுத்தி, நுனியில் பொத்தான் வைத்த மெல்லிய கேபிளை மாட்டுவார். பொத்தானை அழுத்தித் திருகாணியால் பூட்டுவார். பிறகு பட்டப்பகலில், எட்டு நிமிடங்கள், கதவு திறந்தே கிடக்கும். ஒளி சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். அசையாமல் நிற்பவையெல்லாம் துல்லியமாகப் படத்தில் விழும். நடமாடுபவை எதுவும் விழாது. மக்கள் நெரியும் சந்தையை எடுத்தால், படத்தில் வெறும் கூரையும் தூண்களும் நிற்கும். ஆயிரம் பேர் வந்துபோன இடத்தில் ஈ, காக்கை இருக்காது.

சந்தைக்கு முக்காலியைச் சுமந்து செல்வது சிரமமாகப் போகவே, வீட்டையே எடுக்கத் தொடங்கினார். கூடம், படுக்கையறை, மாடிப்படி, அடுப்படி. குளியலறை, படம் கழுவும் இருட்டறையாயிற்று. அவர் கழுவி முடித்த பிறகே மனைவியும் மகளும் குளித்தார்கள்.

அடுப்படியில் முக்காலியை நிறுத்தினால் அவள் கேட்பாள்: "ஏங்க, நான் வெளியில போகணுமா?"

"வேணாம், வேணாம். நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு. நீ விழமாட்டே."

அதை அவர் அன்போடுதான் சொன்னார். முப்பது ஆண்டுகள் சொன்னார்.

அவளுடைய தொழிலைப் பற்றி அவருக்கு உயர்ந்த கருத்து எதுவும் இல்லை. "ஒரு சொடுக்கு, ஒரு மூஞ்சி. அது படமா? முகத்துக்கு முத்திரை குத்துற வேலை" என்பார். "அந்த முத்திரையிலதான் உங்க பிலிம் வாங்குறோம்" என்று அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே பதில் சொல்வாள்.

பணி ஓய்வு பெற்ற ஆண்டில், நூலகத்தின் கூடத்தில் அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். மொத்தம் இருபத்திரண்டு படங்கள். தலைப்பு, 'ஆளற்ற அறைகள்'. ஊரில் யோசிக்கத் தெரிந்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் அனைவரும் வந்திருந்தார்கள். அவள் பிஸ்கட் தட்டை ஏந்திக்கொண்டு அவர்களிடையே சுற்றிவந்தாள்.

ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் அடுப்படிப் படத்தின் முன்னால் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். கழுவி அடுக்கிய தட்டுகள், பாதி நறுக்கிய காய், அடுப்பின்மேல் பாத்திரம். ஆள் இல்லை.

"ஆகா... தனியா வாழ்ற ஒரு மனுஷனோட மௌனம் இது. சார், நீங்க தனியாத்தான் இருக்கீங்களோ?"

அவர் உடனே மறுத்திருக்கலாம். ஆனால் அது பாராட்டு. பாராட்டை இடைமறிப்பது அவர் வழக்கமன்று. கண்களைத் தாழ்த்தி, மெல்லத் தலையசைத்தார். அவருக்கு இரண்டடி தூரத்தில் மனைவி தட்டோடு நின்றிருந்தாள்.

பேராசிரியர் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார், தட்டை யார் ஏந்தியிருக்கிறார்கள் என்று பார்க்காமலேயே.

அந்த எட்டு நிமிடங்கள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன. அன்று அடுப்படிக்குள் பதினான்கு முறை வந்துபோயிருந்தாள். அந்தத் தட்டுகளைக் கழுவியவள் அவள். அந்தக் காயை நறுக்கியவள் அவள். வாசலில் ஆள் கூப்பிட்டதால் பாதியில் விட்டுப் போனாள். இடையே, குளியலறையில் படம் கழுவும் மருந்துநீரைக் கொட்டிவிட்டதற்காக அவரோடு ஒரு நல்ல சண்டையும் போட்டிருந்தாள். அந்தச் சண்டை எங்கே போயிற்று?

வீடு திரும்பும் பேருந்தில் அவள் காலி பிஸ்கட் தட்டை மடியில் வைத்திருந்தாள். இறங்க இரண்டு நிறுத்தங்கள் இருக்கும்போது கேட்டாள்.

"நம்ம வீட்டுப் படத்துல பாப்பா எத்தனையில இருக்கா?"

"ஒண்ணுல. சின்னப் புள்ளையா இருந்தப்ப சோபாவுல தூங்கிட்டா. அருமையா விழுந்திருந்தா."

"பூனை?"

"மூணுல. பூனை நல்லா ஒத்துழைக்கும்."

"நான்?"

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பேருந்து ஒரு நிறுத்தத்தைக் கடந்தது.

"பூனை மூணுல இருக்கு. நான் ஒண்ணுலகூட இல்ல. சாகிறதுக்குள்ள உங்க படம் ஒண்ணுலயாவது நான் இருக்கணும். சொல்லிட்டேன்."

"அதுக்கென்ன, எடுத்துடலாம்" என்றார் அவர் பெருந்தன்மையோடு. "நீ அசையாம இருந்தாப் போதும்."

அது அவ்வளவு எளிதாக இல்லை. முதல் முறை, பிற்பகலில் கூடத்து நாற்காலியில் அவளை உட்காரவைத்தார். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தரையில் ஒரு தாள் கிடந்தது. அதை எடுக்கக் கை துடித்தது. ஜன்னல் திரையின் கொக்கி ஒன்று கழன்றிருந்தது. அது இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? பற்களைக் கடித்துக்கொண்டு நான்கு நிமிடங்கள் தாக்குப்பிடித்தாள். அப்போது கடையிலிருந்து குரல் வந்தது.

"அக்கா! ரெண்டு பக்கமும் ஒரு ஜெராக்ஸ்! அவசரம்க்கா, ஆபீஸ் மூடிடுவாங்க!"

கால்கள் அவளைக் கேட்காமலேயே எழுந்து ஓடின. கழுவிப் பார்த்ததில், பாதி ஒளி அவள் மேலும் மீதி ஒளி நாற்காலியின் மேலும் விழுந்திருந்தது. அவளுடைய மார்பின் ஊடாக நாற்காலியின் கம்பிகள் தெரிந்தன.

அவர் பூரித்துப்போனார். "அற்புதமா வந்திருக்கு! பாரேன், உன்னை ஊடுருவிக்கிட்டு நாற்காலி எவ்வளவு சுத்தமாத் தெரியுது!"

"எனக்கு நாற்காலி வேணாம். நான் வேணும்."

இரண்டாம் முறை, 'பத்து நிமிடத்தில் திறக்கப்படும்' என்று எழுதிக் கடைக் கதவில் மாட்டினாள். தொலைபேசி அடிக்காதபடி எடுத்துவைத்தாள். அடுப்பை அணைத்தாள். அமர்ந்தாள். மூன்றாம் நிமிடத்தில் ஓர் ஈ வந்து மூக்கின்மேல் உட்கார்ந்து, நிதானமாகக் கைகளைத் தேய்த்துக்கொண்டது. அவள் சகித்தாள். ஐந்தாம் நிமிடத்தில் இடது கால் மரத்துப்போயிற்று. அதையும் சகித்தாள். கேமராவின் கறுத்த கண்ணையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நிமிடங்கள் முடிந்தபோது அவளுக்கே தன்மீது மதிப்பு வந்துவிட்டது.

அவர் திருகாணியைத் தளர்த்தினார். லென்ஸின் மூடியை மாட்டுவதற்காகச் சட்டைப்பையில் துழாவினார். மூடி அங்கே இல்லை. மேசையில் இல்லை. பிறகு லென்ஸைப் பார்த்தார். மூடி இருக்க வேண்டிய இடத்திலேயே, எட்டு நிமிடங்களாக, பத்திரமாக இருந்தது. அந்தக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளை வேறு, படம் விழும் லென்ஸ் வேறு. ஆகையால் மூடியோடு பார்த்தாலும் உலகம் நன்றாகத்தான் தெரியும்.

அவர் கேமராவை முக்காலியிலிருந்து மெதுவாகக் கழற்றினார். "படம் எப்ப வரும்?" என்று அவள் கேட்டபோது, ஆவண அறையின் நாற்காலியில் அமர்ந்திருந்த அதே இளைஞரின் குரலில், "நாளைக்குப் பாக்கலாம்" என்றார். நான்கு நாள்கள் அந்த நாளையை இழுத்தடித்தார். ஐந்தாம் நாள், கழுவித் தொங்கவிட்டிருந்த பிலிமை அவளே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு கட்டம் துடைத்துவிட்டாற்போல வெறுமையாக இருந்தது.

"என்னங்க இது?"

"பிலிம் கொஞ்சம் பழசு போல..."

"உண்மையச் சொல்லுங்க."

அவர் உண்மையைச் சொன்னார். அவள் கத்தவில்லை. நெற்றியில் கைவைத்துக்கொண்டு, குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எட்டு நிமிஷமும் நான் அந்த மூடியைத்தாங்க பாத்துட்டிருந்தேன். அதுதான் நீங்க எப்பவும் சொல்ற கறுப்புக் கண்ணாடின்னு நினைச்சேன்."

அதைத் தொலைபேசியில் கேட்ட மகள், "அம்மா, ஊர்ல உலகத்துல இப்படி ஒரு ஜோடி இருக்காதும்மா" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள், ஆனால், தான் கேட்டது இன்னும் கைக்கு வரவில்லை என்பதை அவள் மறக்கவில்லை.

மறு ஆண்டு அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் கட்டைவிரல், பிறகு மணிக்கட்டு, பிறகு தலையும் மெல்ல ஆடலாயிற்று, யாரோ ஓயாமல் கேள்வி கேட்பது போலவும், இவர் ஓயாமல் இல்லை என்று சொல்வது போலவும். மருத்துவர் மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். இது முழுவதும் நிற்காது என்றும் சொன்னார். பார்க்க வந்த பழைய அலுவலக நண்பர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "என்னப்பா, அசையாச் சொத்து இப்ப அசையும் சொத்தாயிடுச்சே" என்றார். அன்று அந்த நண்பருக்குத் தேநீர் கொஞ்சம் ஆறித்தான் கிடைத்தது.

அவரால் இனிப் பொத்தானை அழுத்த முடியவில்லை. அழுத்தினால் கேமராவும் சேர்ந்து ஆடியது. அந்த நிலையில் நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டாம் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். நுழைவாயிலில் மாட்டுவதற்குக் கலைஞரின் உருவப்படம் ஒன்று தேவையாம்.

"நான் எடுத்துத் தரட்டுமா?" என்று அவள் தன் சின்னக் கேமராவை எடுத்தாள். "ஒரு சொடுக்கு."

"சொடுக்கா? என் கண்காட்சி வாசல்லயா?" அவருடைய நடுக்கமே ஒரு கணம் நின்றுவிட்டது போலிருந்தது. "என் முறையிலதான் எடுக்கணும். எட்டு நிமிஷம். விரல் மட்டும் உன்னோடது."

முப்பது ஆண்டுப் பயிற்சி தேவை என்று அவர் சொல்லிவந்த வித்தையை அவள் ஒரு பிற்பகலில் கற்றுக்கொண்டாள். துளையைச் சுருக்கினாள். கறுப்புக் கண்ணாடியைத் திருகினாள். மூடியைக் கழற்றி, அவர் கண்ணெதிரே இரண்டு முறை ஆட்டிக் காட்டிவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போதும், பாத்துட்டேன்" என்றார் அவர்.

ஜன்னலோரத்து நாற்காலியில் அவர் அமர்ந்தார். கை, தொடையின்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதையே வெறுத்துப் பார்த்தார்.

"இங்க வா. பொத்தானைப் பூட்டிட்டுப் பக்கத்துல வந்து உட்காரு. இந்தக் கையைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்கோ, ஆடாம இருக்கும்."

"அப்ப நானும் படத்துல வருவேனே?"

"நீயா? நீ எங்க எட்டு நிமிஷம் உட்காரப்போறே? விழமாட்டே. பயப்படாம வா."

அவள் அழுத்தினாள், பூட்டினாள், வந்தாள், அமர்ந்தாள். அவருடைய கையை இரண்டு கைகளாலும் பற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது பிடிபட்ட குருவியைப் போலச் சிறிது நேரம் துள்ளிவிட்டு அடங்கியது. எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு. திரையின் கொக்கி இன்னும் கழன்றேதான் இருந்தது. கழன்றிருக்கட்டும்.

மூன்றாம் நிமிடத்தில் கடையிலிருந்து குரல் வந்தது.

"அக்கா! அவசரமா நாலு போட்டோ வேணும்!"

கால்கள் எழ முயன்றன. இம்முறை அவள் அவற்றை விடவில்லை.

"அக்கா! இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்று மனத்துக்குள் சொன்னாள். உதடுகூட அசையவில்லை. முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு வாடிக்கையாளர் அடுத்த தெருக் கடைக்குப் போனார்.

பக்கத்தில் அவருடைய தலை மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது. அதை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. பிடிக்கச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை.

படத்தை அவளே கழுவினாள். குளியலறையின் சிவப்பு விளக்கில், தட்டில் கிடந்த தாளின்மேல் உருவம் மெல்ல எழுந்தது. முதலில் நாற்காலி; பிறகு ஜன்னல்; பிறகு ஒரு பெண். கண்ணைச் சுற்றிய சுருக்கங்கள், கழுத்தோரத்தில் கலைந்த நரைமுடி, இடுப்பில் செருகிய லென்ஸ் மூடி உட்பட எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. அவளுக்குப் பக்கத்தில், நாற்காலியில், மேகமூட்டம் போன்ற ஏதோ ஒன்று சட்டை போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தது. அந்த மூட்டத்திலிருந்து ஒரே ஒரு கை மட்டும் தெளிவாக நீண்டு வந்து அவள் மடியில் கிடந்தது.

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். தாள் அவர் கையில் படபடத்தது.

"இதுல நான் எங்க?"

"இதோ, இந்தக் கை."

"கலைஞரோட உருவப்படம்னு கேட்டாங்க. இதைப் போய் எப்படி மாட்டுறது?"

"உங்க முறையிலதானே எடுத்தோம்? நீங்க கொஞ்சம் அசைஞ்சுட்டீங்க. அவ்வளவுதான்."

பிழை முறையில் இல்லை. அந்த முறை எப்போதும் செய்வதையே செய்திருந்தது. படம் நுழைவாயிலில் மாட்டப்பட்டது.

கண்காட்சி நாளன்று அதே பேராசிரியர் வந்தார். கைகளைப் பின்னால் கட்டினார்; தலையைச் சாய்த்தார். இம்முறை பிஸ்கட் தட்டு அவளுடைய கணவர் கையில் இருந்தது. ஓரிடத்தில் நிற்பதற்கு அது ஒரு காரணம் என்று மகள்தான் கொடுத்திருந்தாள். பிஸ்கட்டுகள் தட்டில் சலசலத்தன.

"ஆகா... என்ன ஒரு இருப்பு! அம்மா, இது நீங்கதானே? தனியாத்தான் இருக்கீங்களோ?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார். கண்களைத் தாழ்த்தி மெல்லத் தலையசைப்பது எப்படி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டடி தூரத்தில் நின்று பார்த்திருக்கிறாள். சற்று நேரம் அவரைக் காக்கவைத்தாள். எட்டு விநாடி இருக்கலாம்.

"இல்லைங்க. இதோ பிஸ்கட் தட்டோட நிக்கிறாரே, இவரோடதான் இருக்கேன். படத்துல மூட்டமா இருக்கிறதும் இவர்தான்."

பேராசிரியர் முதன்முறையாகத் தட்டை ஏந்தியிருந்தவரின் முகத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் கேமராவைத் தொடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் பேச்சும் குறைந்துபோயிற்று. தேவையானவற்றை அவர் கேட்பதற்கு முன்பே அவள் கொண்டுவந்துவிடுவாள். ஆகையால் அவர் வாய்விட்டுக் கேட்டது என்று சொல்லத்தக்கது ஒன்றுதான் மிஞ்சுகிறது. அவர் கடைசியாகக் கேட்டதும் அதுவே.

ஒரு நண்பகல், மழையால் கடையில் ஆளில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். வெள்ளைத் துணிக்கு முன்னால், வாடிக்கையாளர்கள் அமரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட முயன்றார். மூன்றாம் முயற்சியில் போட்டுவிட்டார்.

"என்ன வேணும் சார்?" என்று அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

அவர் அவளுடைய சின்னக் கேமராவைக் காட்டினார்.

"நாளைக்கு வாங்க" என்றாள்.

அவர் சிரித்தார். தலை, இல்லை இல்லை என்று ஆடிக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு வேணாம்மா. இப்பவே ஒரு சொடுக்கு எடுத்துடு. நான் விழுற மாதிரி."